பக் என்றொரு ஆண்மான்

பூட்டுக் கம்பெனியில் இங்கிலீஷ் கடிதங்களைத் தமிழாக்கும் வேலை பார்த்தவளைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முகத்துக்கு நேரே என்றால் டிக்ஷனரியம்மா, முதுகுக்குப் பின்னால் என்றால் வெறும் டிக்ஷனரி. அவளும் அதைக் கௌரவமாகத்தான் எடுத்துக்கொண்டாள். மருந்துச் சீட்டைப் படிக்க, வாஷிங் மெஷினில் எந்தப் பொத்தான் எதற்கு என்று சொல்ல, வெளியூர் மருமகள் அனுப்பிய இங்கிலீஷ் வாழ்த்து அட்டையில் உள்குத்து ஏதும் இருக்கிறதா என்று பார்க்க, எல்லாவற்றுக்கும் அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். ஒரு வார்த்தை தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லும் பழக்கம் மட்டும் அவளிடம் கிடையாது. குறை அது ஒன்றுதான். ஒன்றே தாராளமாகப் போதும் என்று பிறகு தெரிந்தது.

அவளுக்கு எதிர் வீடு ஸ்டோர்காரர் வீடு. அதே கம்பெனியில் சரக்கு அறைக்குப் பொறுப்பாளர். பேனாவைச் சட்டைப்பையில் மாட்டாமல் காதில் சொருகிக்கொண்டு தெருவில் நடக்கிற மனுஷர், ஞாயிற்றுக்கிழமைகூட. அவர் மனைவி வாசல் அறையில் தையல் மெஷின் போட்டிருந்தாள். தெருவில் பாதிப் பேர் போட்டிருக்கிற ரவிக்கை அவள் கை பட்டது. அளவு எடுக்கும்போது யார் எவ்வளவு பெருத்துவிட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும், ஆனால் வெளியே சொல்லமாட்டாள். அந்தத் தெருவில் அப்படி ஒரு பெண்பிள்ளை இருந்ததே அதிசயம்.

இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் வந்து விழுந்தது ஒரு கடிதம்.

கம்பெனி அந்த வருஷம் வெளிநாட்டு வியாபாரி ஒருவருக்கு நாலாயிரம் பூட்டு அனுப்பியது. உள்ளே போடுகிற ஸ்பிரிங் மெலிசாக வந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. விளைவு, எந்தப் பூட்டையும் எந்தச் சாவியாலும் திறக்க முடிந்தது. கொண்டை ஊசியால்கூட முடிந்ததாம். வியாபாரி பூட்டுகளைத் திருப்பி அனுப்பினார். ஸ்டோர்காரரைக் கேட்டார்கள். "சப்ளையர் தப்பான சரக்கு அனுப்பிட்டான், நான் என்ன பண்ண?" என்றார். அவர் சொன்னதையே கம்பெனியும் வியாபாரிக்கு எழுதியது. அதற்கு வியாபாரியின் பதில் ஒரு திங்கட்கிழமை காலையில் டிக்ஷனரியின் மேஜைக்கு வந்தது.

பெரிய கடிதம் இல்லை. எட்டு வரி. ஏழு வரி சுலபம். எட்டாவது வரியில் ஸ்டோர்காரரைப் பற்றி எழுதியிருந்தது: அவர் 'பாஸிங் த பக் டு த சப்ளையர்' என்று தோன்றுகிறது, கவனியுங்கள்.

பக். அவள் கைப்பையிலிருந்து சின்ன அகராதியை எடுத்தாள். உள்ளங்கை அகலம், பள்ளிக்கூடத்தில் பரிசாக வாங்கியது. அதில் பக் என்ற சொல்லுக்கு இரண்டே அர்த்தம் போட்டிருந்தது. ஒன்று, ஆண்மான். இரண்டு, கொச்சை வழக்கில் டாலர். ஸ்டோர்காரர் ஒரு ஆண்மானைப் பிடித்து சப்ளையரிடம் கொடுத்தார் என்று எழுதினால் நன்றாகவா இருக்கும்? ஆக, இரண்டாவதுதான். அவள் அழகாகத் தட்டச்சு செய்தாள்: 'ஸ்டோர் பொறுப்பாளர் சப்ளையருக்குப் பணம் கைமாற்றி வருவதாகத் தெரிகிறது. கவனிக்கவும்.' 'மாற்றி வருவதாக' என்ற பிரயோகம் அவளுக்கே பிடித்திருந்தது. தொடர்ந்து நடக்கிற மாதிரி ஒரு கம்பீரம்.

முதலாளிக்கு இங்கிலீஷ் சுத்தமாக வராது. தமிழ்த் தாளை இரண்டு தரம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, இது தலைகீழா இருக்கே. சப்ளையர்தானே இவனுக்குக் குடுக்கணும்? இவன் எதுக்கு அவனுக்குக் குடுக்கிறான்?"

நியாயமான கேள்வி. 'தெரியலை ஐயா, இன்னொரு தரம் பார்த்துச் சொல்றேன்' என்று ஒரு வாய்வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளுக்குத்தான் அந்தப் பழக்கம் கிடையாதே.

"கம்பெனிப் பணத்தைச் சொல்றாங்க போல, ஐயா. மட்டமான சரக்குக்கு நல்ல சரக்கு விலை போட்டு அனுப்பிட்டு, அப்புறம் ரெண்டு பேரும் பிரிச்சுக்கிறது."

"ஓ," என்றார் முதலாளி. கண்ணாடியை மறுபடி மாட்டினார். முகம் சிவந்தது. "அப்படியா கதை."

மறுநாள் ஸ்டோர்காரரிடம் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். மொழிபெயர்ப்பின் நகல் ஒன்றை எல்லாரும் பார்த்துப் புத்தி வாங்கட்டும் என்று முதலாளியே அறிவிப்புப் பலகையில் குத்திவைத்தார். அது சாயங்காலத்துக்குள் தெருவுக்கு வந்துவிட்டது. ராத்திரிச் சாப்பாட்டுக்குள் ஸ்டோர்காரர் மூன்று வீடு கட்டியிருந்தார், எங்கே என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. "காதுல பேனா வச்சிருக்கும்போதே நினைச்சேன்," என்றாள் மாடி வீட்டு அத்தை. என்ன நினைத்தாள் என்று யாரும் கேட்கவில்லை. அத்தை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது தெருவின் தீர்மானம்.

டிக்ஷனரிக்கு அன்றைக்கு வருத்தம்தான். ஆனால் குற்ற உணர்ச்சி இல்லை. அடுத்தவன் தப்பைப் படித்துச் சொன்னதற்கு நாம் என்ன செய்ய முடியும் என்று தட்டைக் கழுவிவிட்டுத் தூங்கினாள்.

வியாழக்கிழமை இன்னொரு கடிதம் வந்தது. அதே வியாபாரி. இந்தத் தரம் நஷ்டத்தில் தங்கள் பங்கு எதுவும் இல்லை என்று காட்டமாக எழுதியிருந்தார். முடிவில்: 'டோன்ட் பாஸ் த பக் டு அஸ்.'

எங்களுக்குப் பணம் கொடுக்காதே. எந்த வியாபாரியாவது அப்படி எழுதுவானா?

ஆபீசில் ஒரு பெரிய அகராதி இருந்தது. இரும்பு பீரோவின் மேல், சுருண்டுகொள்ளும் வரைபடங்கள் பறக்காமல் இருக்கக் கனத்துக்கு வைத்திருந்தார்கள். அதற்கு அந்த ஒரு வேலைதான். ஸ்டூல் போட்டு ஏறி, தூசியோடு இறக்கினாள். பக் என்ற சொல்லுக்கு ஒன்றரைப் பத்தி ஒதுக்கியிருந்தது.

ஆண்மான். ஆண்முயலும்தான். ஆட்டுக்கிடாவுக்கு இருந்த பழைய சொல்லோடு உறவுள்ளது. மினுக்கிக்கொண்டு திரியும் இளைஞனையும் ஒருகாலத்தில் அப்படிச் சொன்னார்கள். குதிரை முதுகை வளைத்துத் துள்ளி ஆளைக் கீழே தள்ளினால் அதுவும் பக். டாலர் என்ற பொருள், மான்தோலைக் கொடுத்துச் சாமான் வாங்கிய காலத்திலிருந்து வந்திருக்கலாம், உறுதியில்லை. அவள் விரல் இறங்கிக்கொண்டே போனது. சீட்டாட்டத்தில், சீட்டைப் பிரித்துப் போடும் பொறுப்பு யாருடையதோ அவர் முன்னால் வைக்கும் அடையாளப் பொருள். மான்கொம்புப் பிடி போட்ட கத்தியை அப்படி வைத்ததால் இந்தப் பெயர் என்பர். பொறுப்பு வேண்டாம் என்பவர் அதைப் பக்கத்து ஆளிடம் தள்ளிவிடலாம். அதிலிருந்து, பாஸ் த பக்: தன் பொறுப்பை, தன் மேல் வரும் பழியை, இன்னொருவர் மேல் தள்ளிவிடுதல்.

அவ்வளவுதான் விஷயம். ஸ்டோர்காரர் பழியை சப்ளையர் தலையில் கட்டுகிறார் என்று அந்த மனுஷன் எழுதியிருக்கிறான். பணமும் இல்லை, பங்கும் இல்லை. மானின் கொம்பைப் பிடித்துக்கொண்டு நேராகப் போயிருந்தால் சரியான இடத்துக்கு வந்திருப்பாள். காசு என்று படித்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டாவது கடிதத்தைச் சரியாகத் தமிழாக்கினாள்: 'பொறுப்பை எங்கள் மேல் தள்ளாதீர்கள்.' கோப்பில் வைத்தாள். ஒரே கோப்பில், ஒரே வார்த்தைக்கு, இரண்டு தாள் தள்ளி இரண்டு அர்த்தம். யாராவது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அங்கேயே பிடித்துவிடுவார்கள். யாரும் பார்க்கவில்லை. இங்கிலீஷ் என்றால் அவள்தான் பார்க்க வேண்டும்.

வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் பஸ் டிரைவர். ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"ஸ்டோர்காரர் வந்து உங்கிட்ட கேட்டாரா?"

"இல்ல."

"முதலாளி கேட்டாரா?"

"இல்லங்க."

"அப்புறம் கேக்காத கேள்விக்கு எதுக்கு பதில் எழுதறே? பரீட்சையா? விசாரணைன்னு ஒண்ணு வைப்பாங்கல்ல. அதுல அவர் தப்பு பண்ணலைன்னு தானா தெரிஞ்சுடும். நடுவுல நீ ஏன் குறுக்க பூந்து வேலையை விடறே?"

அவளுக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துப்போனது. எப்போதும் அவர் சொல்வதற்கு நாலு திருத்தம் போடுகிறவள் அன்றைக்கு ஒன்றும் போடவில்லை.

ஆனால் எதிர் வீடு எதிரிலேயே இருந்தது. அதுதான் தொல்லை. ஜன்னலைத் திறந்தால் ஸ்டோர்காரர் தெரிந்தார். வேலைக்குப் போகிற நேரத்துக்குக் குளித்து, சட்டை மாட்டி, வாசல்வரை வந்து, திரும்பி உள்ளே போனார். மெஷின் சத்தம் நாளுக்கு நாள் குறைந்தது. கொடுத்திருந்த துணியைத் தைக்காமலே திருப்பி வாங்கிப்போனாள் ஒருத்தி. "அவசரமா ஊருக்குப் போறேன், வந்து குடுக்கறேன்" என்றாளாம். அவள் எந்த ஊருக்கும் போகவில்லை. மறுநாள் காய்கறி வண்டிக்காரனிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

டிக்ஷனரி திரைச்சீலைத் துணி வாங்கிக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனாள்.

"என்னக்கா, உங்க வீட்ல இருக்கிறது நாலு ஜன்னல். ஆறு ஸ்கிரீன் தைக்கச் சொல்றீங்க?" என்றாள் தையல்காரி.

"ரெண்டு ஸ்பேருக்கு."

"ஸ்கிரீனுக்கு ஸ்பேரா?" தையல்காரி சிரித்துவிட்டாள். நாலைந்து நாளில் முதல் சிரிப்பாக இருக்க வேண்டும், கன்னத்துக்கு அது பழகாத மாதிரி இருந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்களாவது வந்தீங்களே," என்றாள். டிக்ஷனரி அங்கிருந்து செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள்.

மறுநாள் தலையணை உறை. அதற்கு மறுநாள், பிய்ந்துபோகாத பை ஒன்றைப் பிய்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முடிகிற காரியத்துக்கு மீட்டர் மீட்டராகத் துணி செலவழித்துக்கொண்டிருந்தாள்.

கம்பெனியில் ஒரு தரம் முயற்சி செய்யாமலும் இல்லை. செவ்வாய்க்கிழமை முதலாளி அறைக்குப் போனாள்.

"ஐயா, அந்த முதல் கடிதத்துல ஒரு வார்த்தை. அதுக்கு வேற மாதிரியும் அர்த்தம் வரலாம்னு..."

"வரலாமா, வருதா?"

"வரலாம், ஐயா."

"இதோ பாரும்மா. நாப்பது வருஷமா பூட்டு செய்யறேன். ஒரு பூட்டுக்கு ஒரு சாவி. ஒரு வார்த்தைக்கு ஒரு அர்த்தம். இன்னொரு சாவி போட்டாலும் திறக்கும்னா அது பூட்டே இல்ல."

சொன்னவர் கண் ஜன்னலுக்கு வெளியே போனது. அவள் கண்ணும் போனது. வராந்தாவில், திரும்பி வந்த நாலாயிரம் பூட்டும் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தது. முதலாளி தொண்டையைச் செருமினார். "போய் வேலையைப் பாரு," என்றார். அவள் போய் வேலையைப் பார்த்தாள். வரலாம் என்பதை வருது என்று மாற்றியிருந்தால் போதும். மற்றவர்கள் எழுதியதில் ஒற்றுப்பிழை விட்டால்கூடச் சிவப்பு மையில் வட்டம் போடுகிறவள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, ஸ்டோர்காரர் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். காதில் பேனா இல்லை. கையில் இருந்தது.

"தங்கச்சி, ஒரு உதவி."

"உள்ள வாங்கண்ணே."

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். டிரைவர், ஏதோ வேலை இருக்கிற மாதிரி சமையலறைக்குள் போனவர், அங்கேயிருந்து வெளியே வரவேயில்லை.

"திங்கட்கிழமை விசாரணை. முதலாளி ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். பணம் கொடுத்தது நிஜம்னு எழுதிக் குடுத்துட்டு நானா வேலையை விட்டா, போலீசுக்குப் போகமாட்டாராம். அந்த வெளிநாட்டுக்காரங்களுக்கும் இங்கிலீஷ்ல ஒரு மன்னிப்புக் கடிதம் வேணுமாம். உன்னை விட்டா யாரு எழுதுவா?"

"நீங்க குடுக்கலையேண்ணே. குடுத்தேன்னு எதுக்கு எழுதறீங்க?"

"குடுக்கலைன்னு உனக்குத் தெரியுது. ஊருக்குத் தெரியணுமே. வீட்ல இவ வாசல்ல நிக்கிறதையே விட்டுட்டா. எல்லாம் முடிஞ்சா வேற தெருவுக்குப் போயிடலாம்." பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினார். "எழுதிக்கோ. நான் சொல்றேன், நீ அழகா போட்டுக்கோ."

அவள் தாளும் பேனாவும் எடுத்தாள். எதற்கு எடுத்தாள் என்று கேட்டால் அவளாலேயே சொல்லியிருக்க முடியாது. கை பழக்கம்.

"ஐயா அவர்களுக்கு," என்று ஆரம்பித்தார் ஸ்டோர்காரர். பிறகு நிறுத்தினார். "தங்கச்சி, எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். நீயாவது தெரிஞ்சுக்கோ. நான் சுத்தமானவன்னு சொல்லமாட்டேன். அந்த ஸ்பிரிங் பெட்டி வந்த அன்னிக்கு நான் திறந்தே பார்க்கல. பொண்ணு ஸ்கூல்ல ஏதோ மீட்டிங், சீக்கிரம் போகணும். பெட்டி மேலேயே சரக்கு சரின்னு கையெழுத்துப் போட்டுட்டேன். அப்புறம் மாட்டிக்கிட்டதும் அந்த சப்ளையர் தலையில தூக்கிக் கட்டிட்டேன். அவன் தப்புதான், ஆனா என் தப்பும் இருக்கு. அந்தக் கடிதத்துல அதை எழுதியிருந்தா, ஆமாய்யான்னு கைகட்டி நின்னுருப்பேன். அதுக்கு என்ன தண்டனையோ வாங்கியிருப்பேன். திருடன்னு எழுதிட்டானே தங்கச்சி."

பேனா தாளில் ஒரே இடத்தில் நின்றது. மை ஊறி வட்டமாகப் பரவியது.

"அதைத்தாண்ணே எழுதியிருந்தான்," என்றாள்.

"எதை?"

"இப்ப நீங்க சொன்னதை. அப்படியே. சப்ளையர் மேல பழியைப் போடறீங்கன்னு. அவன் திருடன்னு எழுதல. நான்தான் எழுதினேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். மானைப் பற்றி, கத்தியைப் பற்றி, சின்ன அகராதியில் இரண்டே அர்த்தம் இருந்ததைப் பற்றி. முதலாளி சந்தேகப்பட்டதையும், பிரித்துக்கொள்கிறார்கள் என்று தானாகச் சேர்த்துச் சொன்னதையும் சொன்னாள். அது எந்த அகராதியிலும் இல்லை.

"ஆண்மானா?" என்றார் கடைசியில்.

"ஆமாண்ணே."

"நான் மானையும் குடுக்கல, மண்ணையும் குடுக்கல." சிரிப்பு மாதிரி ஒன்று வந்து பாதியில் நின்றது. "போகட்டும். வார்த்தை தப்பா விழறது யாருக்கும் நடக்கும். நானே பெட்டியைத் திறக்காதவன். எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவள் பயந்துகொண்டிருந்தாள்.

"போன வியாழக்கிழமை."

அவர் விரல் விட்டு எண்ணினார். ஒரு கை முடிந்து அடுத்த கைக்குப் போனது.

"எட்டு நாள். அப்ப, ஸ்கிரீன் தைக்கணும்னு வந்து நின்னியே, அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"அவ உன்னைப் பத்தி என்ன சொல்றா தெரியுமா? தெருவே மூஞ்சியைத் திருப்பினப்ப டிக்ஷனரியம்மா ஒருத்திதான் நம்மளை நம்பினாங்கன்னு. தினம் சொல்றா."

சமையலறையில் ஒரு டம்ளர் விழுந்து உருண்டது. யாரும் எடுக்கவில்லை.

"கம்பெனில நாளைக்குச் சொல்லிடறேண்ணே. கோப்பையே எடுத்து வச்சுச் சொல்லிடறேன்."

"கம்பெனி சரி. போர்டுல குத்தினதை எடுத்துட்டு வேற ஒண்ணு குத்துவாங்க." ஸ்டோர்காரர் எழுந்தார். "தெருவுக்கு ஏது போர்டு?"

"ஒவ்வொரு வீடா நானே போய்ச் சொல்றேன்."

அவர் மை ஊறிய தாளை மட்டும் எடுத்து நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

சனிக்கிழமை அவள் இரண்டு கடிதத்தையும் முதலாளி மேஜையில் அக்கம்பக்கமாக வைத்தாள். பெரிய அகராதியையும் தூக்கிவந்து வைத்தாள். வருது ஐயா, வரலாம் இல்லை, வருது என்றாள். முதலாளி நல்ல மனுஷர். தப்பிக்க அவளுக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டார்.

"அந்தச் சின்ன அகராதிக்காரன் ஒழுங்கா போடல. அவன் பண்ணின கூத்து இது. அப்படித்தானே?"

ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. அகராதிக்காரன் வந்து மறுக்கப்போகிறானா?

"அவன் போட்ட ரெண்டும் சரிதான், ஐயா. நான்தான் பெரிசை எடுக்காம விட்டேன். தெரிஞ்ச பிறகும் எட்டு நாள் சொல்லாம இருந்தேன்."

"நான் அன்னிக்கே கேட்டேனே! சப்ளையர்தானே இவனுக்குக் குடுக்கணும்னு! கேட்டேனா இல்லையா?" முதலாளிக்கு அதில் பெரிய நிம்மதி. அதையே கணக்குப்பிள்ளையிடமும் வாட்ச்மேனிடமும் சொன்னார். பலகையிலிருந்து பழைய தாளைத் தன் கையாலேயே கிழித்தார். அதை அங்கே குத்தியதும் அதே கைதான் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. பெட்டியைத் திறக்காமல் கையெழுத்துப் போட்டதற்கு ஸ்டோர்காரருக்கு ஒரு எச்சரிக்கை. திங்கள் முதல் வேலைக்கு வரலாம். டிக்ஷனரிக்கு, அடுத்த உத்தரவு வரும்வரை கடிதம் கிடையாது. பேக்கிங்கில் அட்டைப்பெட்டிக்கு லேபிள் ஒட்ட வேண்டியது.

ஞாயிற்றுக்கிழமை காலை முதலில் எதிர் வீட்டுக்குப் போனாள். தையல்காரி மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"சொன்னார்," என்றாள்.

டிக்ஷனரி வாயைத் திறப்பதற்குள், "உங்க ஸ்கிரீன் ஆறும் அந்த ஸ்டூல் மேல இருக்கு," என்றாள். தையல் கோணலில்லாமல், மடிப்பு மடிப்பாக, இஸ்திரிகூடப் போட்டிருந்தது. டிக்ஷனரி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து வைத்துவிட்டு, மறுபடி தெருவில் இறங்கினாள்.

முதல் வீட்டில் முறையாக ஆரம்பித்தாள். பக் என்றால் ஆண்மான், மானின் கொம்பில் கத்திக்குப் பிடி போடுவார்கள், அந்தக் கத்தியைச் சீட்டாடும்போது... அந்த வீட்டு அம்மா மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டாள். இரண்டாவது வீட்டில் கொஞ்சம் சுருக்கிச் சொன்னாள். மூன்றாவது வீட்டுக்கு அவள் போய்ச் சேர்வதற்குள் சேதி முந்திக்கொண்டு போயிருந்தது.

"என்னம்மா, ஸ்டோர்காரர் மான் வேட்டை ஆடினாராமே? கத்தியும் கையுமா பிடிச்சாங்களாமே?"

"சீட்டு வேற ஆடுவாராம்," என்று உள்ளே இருந்து ஒரு குரல்.

அவள் வாசற்படியைப் பிடித்துக்கொண்டாள். மானும் கொம்பும் கத்தியும் அவளுக்குத்தான் தேவைப்பட்டிருக்கின்றன. இவ்வளவு சிக்கலான வார்த்தை, யார் மாட்டினாலும் தடுக்கித்தான் விழுந்திருப்பார்கள் என்று காட்டிக்கொள்ள. அவற்றை அங்கேயே இறக்கிவைத்தாள். மூன்றாவது வீட்டிலிருந்து ஒரே பேச்சுதான். "கடிதத்துல அவர் பணம் கொடுத்தார்னு இல்ல. நான் தப்பா எழுதிட்டேன். தப்புன்னு தெரிஞ்சும் எட்டு நாள் சொல்லாம இருந்தேன்." பிறகு முதல் இரண்டு வீட்டுக்கும் திரும்பிப் போய் அதையே சொன்னாள்.

சுருக்கிச் சொன்னால் வாய் கூசியது. சிலர் "பரவாயில்ல விடு" என்றார்கள், சிலர் வாட்ச்சைப் பார்த்தார்கள். ஊருக்குப் போகாதவள் மட்டும், "நான் அப்பவே அவர் நல்லவர்னு சொன்னேன்," என்றாள். வெயில் ஏறி, முதுகில் ரவிக்கை ஒட்டியது. பதினோரு வீடு முடிந்து, அதே வரிசையில் மாடிப்படி ஏறினாள்.

அத்தை கைப்பிடிச் சுவர்மேல் முழங்கையை ஊன்றித் தயாராக நின்றிருந்தாள். அவள் ஒவ்வொரு வீட்டிலும் நின்ற நேரம்கூட அத்தைக்குத் தெரியும்.

"வா வா. சொல்லு."

சொன்னாள். அத்தை கண்ணைச் சுருக்கினாள்.

"தெரிஞ்சும் எட்டு நாள் சும்மா இருந்தே. ஏன்? அந்த சப்ளையர்காரன் உன் கையில ஏதாவது அழுத்தினானா?"

"யாரும் ஒண்ணும் குடுக்கல அத்தை."

"அப்புறம்?"

"பயம். எனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு எல்லாரும் சொல்வாங்கன்னு பயம்."

"அவ்வளவுதானா?" அத்தையின் ஏமாற்றம் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அவளை மேலும் கீழும் பார்த்தாள். வியர்வை, தூசி, செருப்பில் அறுந்த வார். எதனாலோ அத்தையின் குரல் இறங்கியது. "இதுக்காகவா இந்த வெயில்ல படி ஏறி இறங்கறே? இன்னும் எத்தனை வீடு பாக்கி?"

"எதிர் வரிசை முழுக்க. பதினாலு."

"பைத்தியம். வீட்டுக்குப் போய் ஃபேனைப் போட்டு உட்காரு. நான் சொல்லிக்கறேன். ஒரு மணி நேரம், தெரு பூரா போயிடும். நீ சொன்னதை நம்பாதவங்ககூட நான் சொன்னா நம்புவாங்க."

அது உண்மை. டிக்ஷனரி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். பதினாலு கதவு. ஒவ்வொன்றிலும் அழைப்பு மணி, ஒவ்வொன்றிலும் 'என்னம்மா விஷயம்' என்று ஒரு முகம். கால் கெஞ்சியது.

"வேண்டாம் அத்தை," என்றாள். "இதை நான்தான் சொல்லணும்."

"என்னவோ போ," என்றாள் அத்தை. உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவள் அண்ணாந்து குடித்துவிட்டு, செம்பைத் திருப்பிக் கொடுத்து, அறுந்த வாரைக் கால்விரலில் இடுக்கிக்கொண்டு படி இறங்கினாள்.